வெள்ளையம்மாள் வைத்த உப்பு

எங்கள் நிறுவனத்தின் கறவை மாட்டுப் பதிவேட்டில் முப்பத்தேழாம் எண்ணுக்கு நேரே என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. "சினை பிடிக்கவில்லை. மாடு விற்கப்பட்டது. காரணம்: உரிமையாளரின் கவனக்குறைவு." அதை எழுத எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இப்போது அதை அழிக்க மாதக்கணக்கில் அலைகிறேன், முடியவில்லை. அந்த உரிமையாளர் யார், அவர் எவ்வளவு கவனக்குறைவானவர் என்பதை எங்காவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். அதற்குத்தான் இது.

நான் குணசீலன், கண்ணமங்கலத்துக்காரன். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் தொழில். மலைக் கிராமத்துப் பெண்களுக்குக் கறவை மாடு வாங்கிக் கொடுக்கும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை. நான் டாக்டர் இல்லை. ஆனால் தோளில் பையும் வண்டியில் விந்தை உறைய வைக்கும் நைட்ரஜன் கேனும் வைத்துக்கொண்டு மலையில் ஏறினால் எல்லோருக்கும் டாக்டர்தான். முதல் வருஷம் "நான் டாக்டர் இல்லீங்க" என்று திருத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். அப்படிக் கூப்பிட்டால் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்த முப்பத்தேழாம் எண்தான் வெள்ளையம்மாள். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் நாவக்கொல்லை என்று ஐந்தே வீடுள்ள ஊர். ஜமுனாமரத்தூரிலிருந்து வண்டியில் போய், பாதை கெட்ட இடத்தில் அதை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் நான் போய்ச் சேரப் பதினொரு மணி ஆகிவிடும். இந்தப் பதினொரு மணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையம்மாளுக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை சின்னராஜ் அதே ஊர். கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம், சாமை அறுத்துப் போரடித்த கையோடு, மேஸ்திரியின் ஜீப் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கர்நாடகத்துக் காபித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போனார்கள். கோடை மழைக்கு முன்னால் திரும்பினார்கள். அடுத்த வருஷமும் ஜீப் வந்தது. இப்படி இருபது வருஷம். தன் வீட்டுப் பின்னால் இருக்கிற இரண்டு புளியமரத்தை உலுக்கிப் பழம் பொறுக்குவதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பழம் விழுகிற மாதங்களில் அவள் குளிரில் ஏதோ ஒரு மலைச் சரிவில் கூடையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பாள்.

ஒரே மகள் தேவி ஜமுனாமரத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பொங்கல் லீவுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஊருக்குப் போகும். தேவியும் போவாள். வீடு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டு மாதம்மாள் சோறு போடுவாள், அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டுத் திரும்புவாள். ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு பொங்கலுக்கு, "முடிஞ்சா வந்துர்றோம்" என்று அப்பன் போனில் சொன்னதை நம்பி, பையை மடியில் வைத்துக்கொண்டு பூட்டின கதவுக்கு முன்னால் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாளாம். மாதம்மாள் வந்து கூப்பிட்டும் எழவில்லையாம். இதை வெள்ளையம்மாளே எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, "மாடு குடுத்தீங்கன்னா நான் போவ மாட்டேன் சார், சத்தியமா போவ மாட்டேன்" என்றாள். அவள் சொன்ன விண்ணப்பம் அவ்வளவுதான். மீதியை நான் எழுதிக்கொண்டேன்.

அவளுக்குக் கொடுத்த மாடு செவலியைத் தேர்ந்தெடுத்தவன் நான். ஜெர்சிக் கலப்பு, இரண்டாம் ஈத்து, நிறைசினை. கன்றாக இருக்கும்போதே கொம்பைத் தீய்த்துவிட்ட மாடு, மொழுக்கென்று சாதுவான முகம். கன்று போட்டு, காலை மாலை நல்ல பால். அந்த வருஷம் மேஸ்திரியின் ஜீப்பில் சின்னராஜ் மட்டும் ஏறினான். பொங்கலன்று தேவி வந்தபோது கதவு திறந்திருந்தது. நான் மறுவாரம் போயிருந்தபோது வெள்ளையம்மாள் ஒரு கூடைப் புளியை என் முன்னால் வைத்தாள். "என் வூட்டு மரம் சார். நானே உலுக்கினது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை.

கன்று போட்டு மூன்று மாதத்துக்குள் மாடு மறுபடி பருவத்துக்கு வர வேண்டும். செவலி வரவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. அந்த மலை மண்ணில் விளைகிற புல்லில் தாமிரமும் துத்தநாகமும் குறைச்சல் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பால் பெருகப் பெருக மாட்டின் உடம்பிலிருந்து தாதுச் சத்தெல்லாம் இறங்கிவிடும். சத்து இல்லாத மாடு கன்றைப் பற்றி யோசிக்காது. மருந்து எளிது. தாது உப்புக் கலவை, சாம்பல் நிறப் பொடி, தினம் ஒரு சின்னக் கை அளவு. மாதம் இரண்டு பாக்கெட் கொடுத்தேன். கூடவே தீவனம் வைக்க ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டியும் கொடுத்தேன்.

"தினம் தவறாம வைக்கணும்மா. ஒரு நாள் விட்டாலும் பிரயோஜனம் இல்ல."

"வைக்கிறேன் சார்."

அடுத்த மாதம் போனேன். பருவம் இல்லை. "வைக்கிறியாம்மா?" "வைக்கிறேன் சார்." காலிப் பாக்கெட்டைக் காட்டு என்றேன். மடித்துக் கூரை எரவாணத்தில் செருகி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினாள். தொட்டியைப் பார்த்தேன், ஒரு துகள்கூட இல்லாமல் சுத்தமாக இருந்தது. மாடு நன்றாக நக்கித் தின்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சுத்தமான தொட்டியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட புத்திசாலி நான்.

இப்படியே ஒவ்வொரு மாதமும். பூச்சி மருந்து கொடுத்தேன். ஆனி மாதம் ஒரு தடவை லேசாகப் பருவம் காட்டியது. ஓடிப்போய் ஊசி போட்டேன், சினை நிற்கவில்லை. ஆடி கழிந்து பால் வற்றியது. வெள்ளையம்மாள் ஒவ்வொரு தடவையும் பலாமரத்தடியில் மாட்டைப் பிடித்துக்கொண்டு, நான் கையை உள்ளே விட்டுப் பார்த்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பரீட்சை முடிவு ஒட்டுகிற பலகையைப் பிள்ளைகள் பார்ப்பது போல. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. எரிச்சல் ஏன் என்று இப்போது தெரிகிறது. என் மருந்து தோற்கிறது, அதைப் பார்க்க ஒரு சாட்சி நின்றுகொண்டிருக்கிறாள்.

சாமை அறுப்பு முடிந்தது. மேஸ்திரி வந்து போய்விட்டார், இரண்டு நாளில் ஜீப் வரும் என்றார்கள். அன்றைக்கு என் வண்டி பாதி வழியில் பஞ்சர். கேனைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தேன். செவலியைக் கையால் பார்த்தேன். கருமுட்டைப் பை இரண்டும் சின்னதாக, வழவழவென்று, வேலையே செய்யாமல் கிடந்தன. தாது உப்பே தின்னாத மாட்டுக்குத்தான் அப்படி இருக்கும். அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

சின்னராஜ் கேட்டான். "சார், நிக்குமா நிக்காதா? ஒரே வார்த்த சொல்லிடுங்க. நாளன்னிக்கி ஜீப்பு."

"இன்னும் ரெண்டு மாசம் பாக்கலாங்களா சார்?" என்றாள் வெள்ளையம்மாள்.

"பத்து மாசமா தாது உப்பு தின்னும் வராத மாடு, ரெண்டு மாசத்துல வந்துடுமா? இது மலட்டு மாடும்மா. வித்துடுங்க" என்றேன்.

வெள்ளையம்மாள் மாட்டின் கழுத்தில் இருந்த கையை எடுக்கவில்லை. மறுநாள் வியாபாரி வந்து ஓட்டிக்கொண்டு போனான். அதற்கு மறுநாள் ஜீப்பில் இரண்டு பேரும் ஏறினார்கள்.

ஆபீசில் பதிவேட்டைத் திறந்தேன். வாயால் மலட்டு மாடு என்று சொல்லிவிட்டேன். எழுதும்போது கை நின்றது. மலட்டு மாடு என்று எழுதினால், தேர்ந்தெடுத்தவன் யார் என்று கேட்பார்கள். அறிக்கை எழுதச் சொல்வார்கள். உரிமையாளரின் கவனக்குறைவு என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதையே எழுதினேன். கவனக்குறைவு என்று எழுதப்பட்டவர்களுக்கு மறு மாடு கிடையாது என்பது விதி. அது எனக்குத் தெரியாததல்ல.

மாசி மாதம் கோமாரி ஊசி போட வேண்டியிருந்தது. மாடுகள் காட்டுக்குப் போவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும் என்பதால், முந்தின நாளே போய்ப் பக்கத்து ஊரில் தங்கிக் காலை ஆறரை மணிக்கு நாவக்கொல்லையில் இருந்தேன். அத்தனை வருஷத்தில் அந்த ஊரைக் காலையில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஊர் முடிகிற இடத்தில், காட்டுக்குப் போகும் வழியில் ஒரு தட்டைப் பாறை. ஐந்து வீட்டு மாடுகளும் அதைச் சுற்றி நின்றன. எல்லாம் நாட்டு மாடுகள், ஆளுக்கு ஒரு முழம் கொம்பு. தலையைக் குனிந்து வெறும் பாறையை முகர்ந்துவிட்டு, நிமிர்ந்து வெள்ளையம்மாள் வீட்டுப் பக்கம் பார்த்தன. ஓட்டினாலும் நகரவில்லை.

"இன்னா இது, இப்படி நிக்குதுங்க?" என்று மாதம்மாளைக் கேட்டேன்.

"உப்புக்கு நிக்குதுங்க சார். வெள்ளையம்மா பழக்கி வுட்டுட்டுப் பூட்டா. முன்னெல்லாம் வாரத்துல ஒரு நாள்தான், வூட்டுக்கு வூடு முறை போட்டுக்கினு வைப்போம். நீங்க அந்தப் பொடி குடுத்ததுல இருந்து அவ தினம் காலையில கொணாந்து கொட்டுவா."

எனக்கு முதலில் புரியவில்லை. "எந்தப் பொடி? செவலிக்குக் குடுத்த பொடியா? இந்தப் பாறையிலயா?"

"ஆமாங்க."

"அது ஒரு மாட்டுக்குண்டான மருந்தும்மா! தொட்டி குடுத்தேனே, வீட்டுல கட்டி வெச்சு அதுக்கு மட்டும் குடுக்கக் கூடாதா?"

மாதம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சபையில் ஏதோ அசிங்கம் பேசிவிட்டவனைப் பார்ப்பது போல.

"உப்ப ஒரு மாட்டுக்கு மட்டும் எப்பிடி சார் காட்டுறது? மத்ததுங்க வாயப் பாத்துக்கினு நிக்காதா? எங்கூர்ல அப்பிடி வைக்க மாட்டாங்க. நீங்கதான் தாது உப்புன்னு சொன்னீங்க. உப்புன்னா பாறையிலதான்."

"செவலி தின்னுச்சா?"

"அதுக்கு எங்க சார். கொம்பு இல்லாத மாடு. கிட்டப் போனா இதுங்க முட்டித் தள்ளிடும். எல்லாம் நக்கிட்டுப் போனப்புறம் வந்து அந்த ஈரத்த நக்கும். வெள்ளையம்மா இதுங்கள அதட்டித்தான் பாப்பா. கொஞ்சமா ஒரு வாய் கெடைக்கும், சில நாளு அதுவும் கெடைக்காது."

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். மூன்று கன்றுகள் துள்ளிக்கொண்டிருந்தன. நான்கு மாடுகள் நிறைசினை. வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு கன்று போடுகிற கூட்டம் அது. பொடியால்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், அந்த வருஷம் மழையும் நன்றாகப் பெய்து புல் இருந்தது. ஆனால் மாதம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. "உங்க பொடி நல்ல பொடி சார்" என்றாள். அந்தப் பாராட்டைக் கேட்டு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊசியை எடுத்து மாடுகளுக்குப் போட ஆரம்பித்தேன்.

ஒரே ஒரு நாள், பத்து மாதத்தில் ஒரே ஒரு காலை, நான் சீக்கிரம் வந்திருந்தால் போதும். அல்லது எங்கே வைக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். வைக்கிறாயா, வைக்கிறாயா என்று போலீஸ்காரன் மாதிரி கேட்டேனே தவிர, எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். கண்ணமங்கலத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தங்கவேல் என்று ஒருவர், ஐந்தாறு கறவை வைத்திருக்கிறார். ஒரு மாட்டுக்குச் சினை பார்த்துச் சொல்லச் சொன்னார். கொட்டகைக்குள் நுழைந்ததும் அந்த மொழுக்கென்ற முகம் என்னைத் திரும்பிப் பார்த்தது. காதில் எங்கள் நிறுவனத்து மஞ்சள் வில்லை. மலை வியாபாரியிடம் வாங்கினாராம். தனித் தொட்டியில் தினம் தாது உப்பு போட்டாராம். இரண்டு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிட்டதாம்.

கையை விட்டுப் பார்த்தேன். இரண்டரை மாதச் சினை. "நல்ல மாடு, யாரோ ஏமாளி வித்திருக்கான்" என்றார் தங்கவேல். ஏமாளி விற்கவில்லை, விற்கச் சொன்னவன் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. சினைதான் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து குழாயடியில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

வெள்ளையம்மாள் கோடை மழைக்கு முன்னால் திரும்பி வந்தாள். போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பதிவேட்டில் எழுதியதையும் சேர்த்து. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செவலி உசுரோட கீதா சார்?" என்றாள். "அறுக்கத்தான் ஓட்டிக்கினு போனான்னு நெனச்சுக்கினு இருந்தேன். அங்க படுத்தா அதே நெனப்பு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாறையில வைக்கிறேன்னு என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே சார். வைக்கிறியான்னு கேட்டீங்க. வெச்சேன். எல்லாரும் அங்கதான் வைப்பாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். டாக்டராச்சே" என்றாள்.

சின்னராஜ் மட்டும் கேட்டான். "அப்ப மறு மாடு குடுப்பாங்களா சார்?"

கேட்டு எழுதியிருக்கிறேன் என்றேன். எழுதியும் இருந்தேன். குற்றம் என்னுடையது, உரிமையாளர் ஒரு நாள்கூடத் தவறாமல் உப்பு வைத்திருக்கிறார் என்று இரண்டு பக்கத்துக்குக் கடிதம். பரிசீலிக்கிறோம் என்றார்கள். ஆடியில் கேட்டேன், பரிசீலிக்கிறோம். புரட்டாசியில், கணக்கு முடித்த பதிவைத் திருத்த வழியில்லை, அடுத்த திட்டம் வரும்போது பார்க்கலாம் என்று பதில் வந்தது. என் மேல் ஒரு நடவடிக்கையும் இல்லை. இனிமேல் கவனமாக எழுதவும் என்று ஒரு வரி, அவ்வளவுதான். நான் மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வருஷம் சாமை அறுப்பு முடிந்து ஜீப் வருகிற நாள் எனக்குத் தெரியும். முந்தின நாள் மாலையே போய்ப் பக்கத்து ஊரில் தங்கி, விடிந்ததும் நாவக்கொல்லை போய்ச் சேர்ந்தேன். வெள்ளையம்மாள் போன தடவையே கேட்டிருந்தாள், "மாடு இல்லன்னாலும் ரெண்டு பாக்கெட்டு குடுங்க சார், அதுங்க பாவம் காத்துக்கினு நிக்கும்" என்று. என் கைக்காசில் ஆறு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனேன்.

அவள் ஜீப்புக்குப் புறப்பட்ட சேலையோடு பாறைக்கு வந்தாள். மாடுகள் நகர்ந்து வழி விட்டன. முதலில் ஒரு கைப் பொடியைப் பாறைக்கு இந்தப் பக்கம் தனியாக வைத்தாள். கூட்டத்தில் கொம்பு ஒடிந்த கிடேரி ஒன்று பின்னால் நின்றது. அதன் கழுத்தைப் பிடித்து அழைத்து வந்து அந்தக் கைப் பொடிக்கு முன்னால் நிறுத்தி, மற்ற மாடுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அது தின்று முடித்த பிறகுதான் மிச்சத்தைப் பாறையில் பரப்பினாள்.

"பாத்துக்கினியா? இதுக்கு மொதல்ல வெய்யி. அப்புறமா மத்ததுங்கள வுடு" என்று மாதம்மாளிடம் பாக்கெட்டுகளைக் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "செவலி ஈன்னுச்சா சார்?" என்றாள்.

"போன வாரம். கிடேரிக் கன்னு."

"கொம்ப தீய்க்க வாணாம்னு சொல்லுங்க" என்றாள்.

கீழே ஜீப்பின் ஹாரன் கேட்டது. சின்னராஜ் மூட்டையோடு முன்னால் போய்விட்டான். அவள் வீட்டைப் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்து, சாவியை மாதம்மாளிடம் கொடுத்தாள். பத்து அடி போனவள் திரும்பி வந்தாள்.

"சார், ஜமுனாமரத்தூர்ல தேவியப் பாத்தீங்கன்னா ஒண்ணு சொல்லணும். பொங்கலுக்கு வந்தா கதவுக்கு முன்னால குந்திக்கினு இருக்க வாணாம். சாவி மாதம்மா வூட்டுல கீதுன்னு சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன். இதையாவது நான் சரியாகச் சொல்ல வேண்டும்.